பதினோராவது சீட்டு

கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தில் பெரியவர்கள் ரம்மி ஆடி ஓய்ந்த பிறகுதான் சீட்டுக்கட்டு எங்கள் மாமா கைக்கு வரும். அதில் 52 சீட்டும் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. 21 தேறினால் அவருக்குப் போதும். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு.

"மனசுக்குள்ள ஒண்ணை நெனச்சுக்கோடா. எந்த வரிசைன்னு மட்டும் சொல்லு."

சொன்ன வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி ஒவ்வொன்றாகப் பரப்புவார். இப்படி மூன்று முறை. அப்புறம் கண்ணை மூடி, சீட்டுகளை முகர ஆரம்பிப்பார். நினைத்த சீட்டுக்குத் தனி வாசனை உண்டாம். கொல்லிமலைச் சாமியார் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். பதினோராவதாக என் இஸ்பேட் ராஜா வந்து நிற்பார். அந்த வருஷம் கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளை நான் முகர்ந்து பார்த்தது வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும்.

சாமியார் பிரெஞ்சுக்காரர் என்று தெரியவர நாற்பது வருஷம் ஆயிற்று. பெயர் பஷே. 1612இல் லியோனில் அச்சான அவருடைய கணக்கு வேடிக்கைப் புத்தகத்தில் இந்த மூன்று அடுக்கு வித்தை இருக்கிறது. (ஃபெர்மா ஓரத்தில் கிறுக்கிவிட்டுப் போய், பின்னால் வந்தவர்களை முந்நூறு வருஷத்துக்கு மேல் அலைக்கழித்தாரே, அந்த டயோஃபாண்டஸ் பதிப்பும் இவருடையதே.) 1813-14 வாக்கில் ழெர்கோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தன் கணிதப் பத்திரிகையில் இதைத் துப்புரவாக அலசினார். 27 சீட்டு என்றால் இன்னும் விசேஷம். எத்தனையாவதாக வரவேண்டும் என்று எதிராளியே கேட்கலாம். அவர் காட்டும் வரிசையை ஒவ்வொரு தடவையும் மேலே, நடுவே, கீழே எங்கே செருகுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். மாமா காதில் இது விழவில்லை. விழுந்திருந்தால் சாமியார் இமயமலைக்குப் போயிருப்பார்.

போன மாதம் பேத்திக்குச் செய்து காட்டினேன். கண்ணை மூடும்வரைகூட விடவில்லை.

"தாத்தா, ரெண்டாவது தடவை அடுக்கினதுமே அது பத்து, பதினொண்ணு, பன்னெண்டுல ஒண்ணா வந்துடுது. பரப்பினா எந்த வரிசையா இருந்தாலும் நாலாவதுதான். மறுபடி எதுக்கு அடுக்கறீங்க?"

"முகரணுமே, அதுக்குத்தான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று எதிர்வீட்டுப் பையன் எதிரே அவள் 21 சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவையும் அடுக்கினாள். ஒவ்வொன்றாக முகர்ந்து, பதினொன்றைக் கண்டுகொள்ளாமல் பதின்மூன்றுவரை போய், முகம் சுளித்து, பெருமூச்சு விட்டு, திரும்பி வந்தாள். மாமாவுக்குக்கூட இது தோன்றியதில்லை.