ஐந்து நாள் புள்ளியியலர்

உயிரினங்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் இடையிலுள்ள உறவை ஆராய்பவர் சூழலியலர் எனப்படுவார். அவருள்ளும், தரவுகளை எல்லாம் திரட்டி முடித்தபின் அவற்றை என்ன செய்வதென்று அறியாது, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்குகையில் இணையவழிப் புள்ளியியல் குறும்படிப்பு ஒன்றில் சேர்பவர் தனியொரு வகையினர். இவர்கள் உலகெங்கும் காணப்படினும், பிரிட்டனிலிருந்து நடத்தப்படும் ஐந்து நாள் வகுப்பை ஆனைமலையின் களநிலையம் ஒன்றிலிருந்து கைப்பேசி இணைப்பில் கேட்கும் தமிழ்நாட்டு ஆய்வாளரிடம் இவ்வகையின் இயல்புகள் யாவும் துலக்கமாகத் தெரிவதால், இச்சித்திரம் அவரையே மாதிரியாகக் கொள்கிறது. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பொதுமுடிவுக்கு வருவது முறையன்று என அவரே இப்போது மறுக்கக்கூடும். படிப்பின் இரண்டாம் நாளில் அதைக் கற்றுக்கொண்டவர் அவர்.

களத்தில் அவரை விஞ்சிய ஐயவாதி இல்லை. இலைகளுக்கிடையே நொடிப்பொழுதும் நிலைகொள்ளாத கதிர்க்குருவிகளில் சில இனங்களை நிறங்கொண்டு பிரிப்பது அரிது, குரலே சான்று என்பதை அறிந்தவராதலால், குரல் கொடுக்காத குருவியை ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்றே குறிப்பேட்டில் எழுதுவார். அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த வாட்சர் பெயரைச் சொன்னாலும், பார்த்தீர்களா கேட்டீர்களா, எவ்வளவு தொலைவில், வெயில் எந்தப் பக்கம் என்று குறுக்கு விசாரணை நடத்திய பின்பே ஏற்பார். வழியில் கிடக்கும் எச்சத்தைக் கண்டு சிறுத்தையுடையது என்று உடன்வந்தோர் மகிழும்போது, எஸ்டேட் நாயுடையதாகவும் இருக்கலாம் என்று கூறி அம்மகிழ்ச்சியைக் கெடுப்பவர் அவரே. இத்தகையவர், கணினித் திரையில் 0.03 என்ற எண்ணைக் கண்டதும், அது எதிலிருந்து பிறந்தது, எதை அளக்கிறது, எந்த நிபந்தனைகளின்கீழ் செல்லும் என்று ஒரு கேள்வியும் கேளாது கைகூப்பி விடுகிறார். குருவிக்குக் காட்டாத கருணையை எண்ணுக்குக் காட்டும் இம்முரணே இவ்வகையினரைப் பற்றி எழுதத் தூண்டுவது.

அந்த எண்ணுக்கு மூலமானது ஓர் எக்செல் கோப்பு. மழைநாட்களில், மின்சாரம் இருந்த பொழுதுகளில் நிரப்பப்பட்ட அக்கோப்பில் பல அற்புதங்கள் நிகழ்ந்துள்ளன. சிங்கவால் குரங்குகள் இரண்டோ மூன்றோ தென்பட்டன என்பதைக் குறிக்க அவர் 2-3 என்று தட்டியதை, எக்செல் தன் இயல்புப்படி மார்ச் இரண்டாம் தேதி என்று விளங்கிக்கொண்டது. வால்பாறை என்ற பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கியும், ஓரிடத்தில் சிறிய எழுத்தில் தொடங்கியும், வேறோரிடத்தில் இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடைவெளியுடனும் எழுதப்பட்டுள்ளமையால், வருவாய்த் துறையின் ஒப்புதல் இன்றியே ஒரு வட்டம் மூன்று வட்டங்களாகப் பிரிந்துவிட்டது. இவற்றையேனும் திருத்திவிடலாம். வெறுமையாக விடப்பட்ட கட்டங்களின் செய்தி வேறு: அன்று சென்று தேடியும் பறவை இல்லை என்பது அதன் பொருளா, யானை நின்றதால் அந்தப் பக்கமே போகவில்லை என்பது பொருளா என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. முன்னது சுழி, அதாவது ஒரு தரவு, பின்னது தரவின்மை. இரண்டும் வேறு என்பது அவருக்குத் தெரியாததன்று. எழுதும்போது நினைவிருக்கும் என்று நம்பினார், அவ்வளவே.

நவீனப் புள்ளியியலை நிறுவியவர்களுள் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர், 1938-இல் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றுகையில், பரிசோதனை முடிந்தபின் புள்ளியியலரை நாடுவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதே ஆகும் என்றும், அது எதனால் இறந்தது என்பதை மட்டும் அவர் சொல்லக்கூடும் என்றும் கருத்துரைத்தார். இத்தகைய வகுப்புகளில் இக்கூற்றைத் திரையில் காட்டுவது ஏறத்தாழ ஒரு சடங்கு. காட்டப்பட்டதும் பங்கேற்பாளர் அனைவரும் சிரிக்கின்றனர். மற்றவர்களின் தரவைப் பற்றியே அது சொல்லப்பட்டதாக ஒவ்வொருவரும் கருதுவதே அச்சிரிப்பின் காரணம். நம் ஆய்வாளர் நாடி வந்திருப்பதும் இறப்பின் காரணத்தை அறிவதற்கன்று. பிணத்துக்கு உடல்தகுதிச் சான்று வழங்கும் மருத்துவர் ஒருவர் எங்கேனும் இருப்பார், கட்டணம் செலுத்தினால் கிடைப்பார் என்ற நம்பிக்கையில்தான்.

பிரிட்டனில் கோடைகால நேரக் கணக்கின்படி காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் வகுப்பு, இந்தியாவில் பிற்பகல் இரண்டு மணிக்கு, சோறும் ரசமும் முடிந்து இமைகள் கனக்கும் பொழுதில் தொடங்குகிறது. களநிலையத் தாழ்வாரத்தின் வடகிழக்கு மூலையில் மட்டுமே சிக்னல் கிடைப்பதால், முக்காலி ஒன்றின்மீது மடிக்கணினியும் அதன்மேல் குடையுமாக அவர் அமர்கிறார். இணைப்பு பலவீனமானது என்று அறிவித்து ஒளிப்படக்கருவியை அணைத்துவிடுகிறார். அறிவிப்பு உண்மையானதே எனினும், அவ்வுண்மை எப்போதும் உறக்கம் வரும் நேரத்தில் அறிவிக்கப்படுவது கவனத்துக்குரியது.

வகுப்பில் அவர் முதலில் சந்திப்பவை ஐரிஸ் மலர்கள். எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் அளந்து, ஃபிஷர் 1936-இல் தம் கட்டுரையில் பயன்படுத்திய 150 மலர்களின் அளவுகள் அவை. மூன்று இனங்கள், இனத்துக்கு ஐம்பது, ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. அவற்றை அடுத்து வருபவை அண்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த 344 பெங்குவின்கள். இவற்றின் அலகு நீளமும் இறக்கை நீளமும் உடல் எடையும் உலகெங்கும் புள்ளியியல் பயில்வோர்க்கு இப்போது பாடமாகியுள்ளன. அலகின் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள தொடர்பு, இனங்களை ஒன்றாகக் கலந்து பார்த்தால் ஒரு திசையிலும், இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அதற்கு எதிர்த்திசையிலும் செல்லும் என்பதை இப்பறவைகள் அழகாக விளக்குகின்றன. விளைவாக, பனியையே கண்டிராத ஒருவர் வார இறுதிக்குள் ஜென்டூ பெங்குவினின் சராசரி எடையை உறக்கத்திலும் சொல்லக் கூடியவராகிறார். தம் பகுதி இருவாச்சியின் எடையை அவரிடம் எவரும் கேட்பதில்லை. பெங்குவின்களை ஒத்த தரவு தம்மிடமும் இருந்திருக்குமானால் இப்படிப்பே தேவைப்பட்டிராது என்பது அவருக்கு மூன்றாம் நாள் தோன்றுகிறது. நியாயமான எண்ணம்.

பகுப்பாய்வு முழுவதும் ‘ஆர்’ என்ற கணினிமொழியில் நடக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய இம்மொழியின் முதல் முழுமையான பதிப்பு, நான்காண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் பிப்ரவரி 29 அன்று, 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காசின்றிக் கிடைப்பது இதன் முதற்சிறப்பு. ஆய்வு உதவித்தொகை ஆறு மாதமாக வராதவர்க்கு மற்ற சிறப்புகளை விளக்க வேண்டியதில்லை. இதன் கண்டிப்போ தலைமையாசிரியர் ஒருவரின் கண்டிப்பு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத லிபியில் அரிச்சுவடி கற்றவர், ஒரு பெயரின் முதலெழுத்தைச் சிறிதாக இட்டமைக்காக, அப்படியொரு பொருளே இல்லை என்று சிவந்த எழுத்தில் கடிந்துகொள்ளப்படுகிறார். பொருள் கண்முன்னே இருக்கிறது. இல்லை என்கிறது கணினி. காட்டில் வாட்சரோடு வாதிடுபவர் இங்கே வாதிடுவதில்லை. கணினியை அணைத்து மீண்டும் போடுகிறார்.

வகுப்பின் உச்சகட்டம், கேள்வி நேரம். ‘பொதுவான ஒரு கேள்வி’ என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் பொதுவானதன்று என்பதை இத்தகைய வகுப்பில் ஒரு நாள் அமர்ந்த எவரும் உணர்வர். ‘ஒருவர், எடுத்துக்காட்டாக, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய இரண்டு மழைக்காட்டுத் துண்டுகளிலும் அருகிலுள்ள பெருங்காடு ஒன்றிலும், மொத்தம் அறுபது டிரான்செக்ட்களில் பறவைகளை எண்ணியிருந்தால்’ என்று நம் ஆய்வாளர் வினவுகையில், அந்த ஒருவர் யார் என்பதில் பயிற்றுநருக்கு ஐயம் இருப்பதில்லை. டிரான்செக்ட் என்பது, வரையறுத்த நேர்கோட்டுத் தடமொன்றில் நடந்து இருபுறமும் தென்படுவனவற்றைப் பதியும் முறை. தடங்கள் அறுபது எனினும் காடுகள் மூன்றே. காட்டின் அளவு பறவைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பது கேள்வியாயின், கையிலுள்ள சான்றுகளும் மூன்றேயன்றி அறுபது அல்ல. ஒரே காட்டில் பலமுறை எண்ணியதைத் தனித்தனிச் சான்றுகளாகக் கணக்கிடும் இப்பிழைக்குப் போலி மீள்செய்கை என்று பெயர். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தாம் ஆராய்ந்த 176 களப் பரிசோதனை ஆய்வுகளில் 27 விழுக்காட்டில் இப்பிழை இருந்ததாகக் காட்டினார். பயிற்றுநர் இதனை மிக்க கனிவோடு விளக்குகிறார். திரையின் இப்பக்கத்தில், மூன்று பருவமழைகளும் எண்ணற்ற அட்டைக் கடிகளும் சேர்ந்து ஈட்டிய அறுபது, ஒரு நிமிடத்தில் மூன்றாகக் குறைகிறது. இணைப்பு பலவீனமாகிறது.

எனினும் அவர் எளிதில் தோற்பவர் அல்லர். ஒரே காட்டில் எடுத்த கணக்குகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வொற்றுமையையும் சமன்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் கலப்பு விளைவு மாதிரி என்ற முறை நான்காம் நாள் கற்பிக்கப்படுகையில், தம் அறுபதைத் திரும்பப் பெறும் வழி அதுவே எனக் கருதி நிமிர்ந்து உட்காருகிறார். அம்முறைக்குக் குறைந்தது ஐந்து குழுக்களேனும் இருப்பது நலம் என்று பயிற்றுநர் சொல்லும்போது அவர் செவிக்கு எட்டுவது ‘நலம்’ என்ற சொல் மட்டுமே. நலம் என்பது கட்டாயம் அன்று. மாதிரியை ஓட்டுகிறார். முடிவு வருகிறது, ஆனால் பி-மதிப்பு இல்லை.

பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடு ஏதுமில்லை என்று வைத்துக்கொண்டால், கண்ட அளவோ அதனினும் மிக்க அளவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு. இதைத் தம் கருத்து சரியாக இருப்பதற்கான வாய்ப்பு என்று கொள்ளலாகாது என 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே அறிக்கை வெளியிட்டுள்ளது. அறிக்கையை வாசித்தோரும் பின்னர் அவ்வாறே கொள்கின்றனர். ஆர் மொழி இம்மதிப்பு 0.05-க்குக் கீழிருப்பின் ஒரு நட்சத்திரமும், 0.01-க்குக் கீழ் இரண்டும், 0.001-க்குக் கீழ் மூன்றும் இட்டுக் காட்டும், 0.05-க்கும் 0.1-க்கும் இடைப்பட்டால் ஆறுதலாக ஒரு புள்ளி வைக்கும். கலப்பு மாதிரிகளுக்கென உள்ள எல்.எம்.இ.4 என்ற நிரல்தொகுப்பை உருவாக்கியோருள் ஒருவரான டக்ளஸ் பேட்ஸ், இம்மாதிரிகளில் அம்மதிப்பைக் கணக்கிட ஐயத்துக்கிடமற்ற வழி இல்லை என்று கருதி, நேர்கோட்டு மாதிரிகளின் முடிவில் அதை அச்சிடாமலே விட்டார். ஒரு புள்ளியியலர் ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதிய இடம் அது. கதிர்க்குருவியின்முன் அதே நேர்மையைக் காத்தவருக்கு இங்கே அது புலப்படுவதில்லை. விடுபட்ட எண்ணையும் அதன் நட்சத்திரங்களையும் சேர்த்துத் தரும் இன்னொரு நிரல்தொகுப்பை அன்றிரவே தேடி இறக்கிக்கொள்கிறார்.

ஐந்தாம் நாள் மாலை பங்கேற்புச் சான்றிதழ் மின்னஞ்சலில் வருகிறது, மறுநாள் முதல் களநிலையத்தில் அவருடைய நிலை உயர்கிறது. தவளைகளை எண்ண ஆவலோடு வந்திறங்கும் முதுகலை மாணவியிடம், பையை இறக்கி வைக்கும் முன்பே, எத்தனை மீள்செய்கைகள், எந்தப் பரவல், சுழிகள் மிகுந்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று வினவுகிறார். தவளை எண்ணிக்கை அனைத்தையும் பாய்சான் பரவலில் அடக்கலாகாது, அதில் சராசரியும் மாறுபாட்டளவும் சமமாக இருக்க வேண்டும், இயற்கையில் தவளைகள் அவ்வாறு நடந்துகொள்வதில்லை என்று விளக்குகிறார். சொல்வது முற்றிலும் சரி; சொல்லும் குரல்தான் பயிற்றுநருடையது. இரவல் அதிகாரத்தின் இந்த வெளிப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனெனில், அண்மைக் காலமாக அவர் காட்டிலிருந்து திரும்பும் நாட்களில், எதுவும் தென்படாத தடங்களுக்கு நேரே தெளிவாகச் சுழியையும், போக முடியாத தடங்களுக்கு நேரே காரணத்தையும் எழுதத் தொடங்கியுள்ளார். கட்டணத்தில் பாதிக்கேனும் இது ஈடாகும்.

மீதிப் பாதியை மீட்க அடுத்த படிப்புக்குப் பதிந்திருக்கிறார். இது பேய்சிய முறை பற்றியது: ஆய்வுக்கு முன்பே ஆய்வாளர் கொண்டிருந்த நம்பிக்கையை எண்ணாக்கிக் கணக்கில் சேர்த்து, தரவு கிடைத்தபின் அதைத் திருத்திக்கொள்வது இதன் அடிப்படை. முன்நம்பிக்கைக்கு இடமுண்டு என்ற முதல் பகுதி அவரைப் பெரிதும் கவர்ந்தது. திருத்திக்கொள்வது என்ற பகுதியைப் படிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். இம்முறைக்குப் பெயர் தந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1761-இல் மறைந்தபின், அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்துச் செப்பனிட, அது 1763-இல் அச்சேறியது என்ற வரலாறும் அவருக்கு ஆறுதலளித்தது. தம் கட்டுரையின் தாமதத்துக்கு இதனை முன்னுதாரணமாகக் காட்டி வழிகாட்டிக்குக் கடிதமும் எழுதினார். அந்த முன்னுதாரணத்தைப் பின்பற்றுவதாயின் ஆசிரியர் முதலில் இறந்தாக வேண்டும் என்றும், பல்கலைக்கழக விதிகளின்படி அதற்குக் கால நீட்டிப்பு வழங்க இயலாது என்றும் வழிகாட்டி மறுமொழி எழுதியுள்ளார்.