பிரதம சிஷ்யன் சார்பில் ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ மடிக்கணினி சர்வீஸ் சென்டர் மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு, அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் ஸ்தாபனத்தின் கண்ணாடிக் கவுன்டருக்கு முன்னால், தத்தம் டோக்கன் எண் எப்போது ஒளிரும் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் அத்தனை பேரும் காண, அரசாங்க உத்தியோகத்தில் தலை நரைத்து ஓய்வுபெற்ற அடியேனுடைய ஆள்காட்டி விரலைத் தங்கள் ஊழியர் பற்றி, பவர் பட்டன்மேல் வைத்து, "இப்படி ரெண்டு செகண்டு அழுத்தணும் சார், அவ்ளோதான்" என்று வித்தியாரம்பம் செய்துவைத்த வைபவத்தை நான் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன். யந்திரமும் அந்த க்ஷணத்தில், ஆட்டோவில் குலுங்கி வந்த களைப்புக்கூட இல்லாமல், சமர்த்தாகத் திறந்துகொண்டது. பின்வரிசையில் ஓர் அம்மாள் சிரித்தார். "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று அச்சடித்த சீட்டும், ஆய்வுக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 590 ரூபாய் என்ற ரசீதும் என் கைக்கு வந்தன. அன்றிரவே வீட்டில் அது பழையபடி நீலத்திரையைக் காட்டிக்கொண்டிருந்த வேளையில், "தங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று தங்கள் குறுஞ்செய்தியும் வந்து சேர்ந்தது.

குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தங்கள் உபதேசத்தின் மகிமையைப் போற்றுவதற்காகவே எழுதுகிறேன். தொலைபேசியில் அழைத்தாலும் சரி, சாட்டில் கேட்டாலும் சரி, கவுன்டரில் நேரே நின்றாலும் சரி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்ற அந்த ஒரே மகாவாக்கியத்தைத் தாங்கள் அருளுகிறீர்கள். என் மடிக்கணினியோ யாரும் போதிக்காமலே அதில் சித்தி பெற்றுவிட்டது. கம்பெனி முத்திரை தோன்றும், அதன் கீழே புள்ளிகள் வட்டமிடும், திரை நீலமாகும், சோகமுகம் ஒன்று தெரியும், பிறகு தானே அணையும், தானே எழும், மறுபடியும் முத்திரை தோன்றும். அணைவதும் எழுவதுமே அதன் வியாதி. அணைத்து எழுப்புவதே தங்கள் ஔஷதம். குருவின் வாக்கை இவ்வளவு சிரத்தையாக, நள்ளிரவிலும் ஓயாமல் அனுஷ்டிக்கிற சிஷ்யன் தங்கள் பரம்பரையில் வேறு யாராவது உண்டா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

இந்த உபதேசத்துக்குப் பிரமாணம் இல்லை என்று நாஸ்திகர்கள் சொல்லக்கூடும். 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் உலகெங்கும் ஏககாலத்தில் நீலத்திரை கண்டு, நம் நாட்டு விமான நிலையங்களில்கூடக் கையால் எழுதிய போர்டிங் பாஸை நீட்டிக்கொண்டு பிரயாணிகள் விமானம் ஏறினார்களே, அப்போது அந்த மைக்ரோசாப்டே தன் கிளவுட் கணினிகளைப் பற்றிச் சொன்னது என்ன? மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள், பதினைந்து தடவை வரை தேவைப்பட்டதாகச் சிலர் தெரிவிக்கிறார்கள் என்பதுதான். இதைவிடப் பெரிய ஆப்தவாக்கியம் தங்களுக்கு எதற்கு? அந்த நாளில் மற்ற யந்திரங்கள் பலவற்றுக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து, சேஃப் மோடில் நுழைந்து, கோளாறான கோப்பைத் தேடிப் பிடித்துக் கையாலேயே நீக்க வேண்டியிருந்தது என்ற பிற்பகுதியை மட்டும் தங்கள் சம்பிரதாயத்தில் பாராயணம் செய்வதில்லை போலும்.

என் சிஷ்யப் பிள்ளை ஊமையும் அல்ல. நீலத்திரையின் அடியில், பொடி எழுத்தில், தனக்கு என்ன நோவு என்று அது ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்டியது. ஒரு தடவை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது, மறுதடவை வேறொன்று, அடுத்து மீண்டும் 'மெமரி மேனேஜ்மென்ட்'. வாக்கு இப்படி வேளைக்கொன்றாக மாறினால் முதலில் ராம் என்னும் நினைவகப் பலகையைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அதைச் சோதிப்பதற்கென்றே விண்டோஸுக்குள் ஒரு கருவி கிடக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நான் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். தங்கள் ஊழியர் படத்தைப் பார்த்தார். "சாஃப்ட்வேர் ப்ராப்ளம் சார்" என்றார். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். தகவல்கள் அழிந்தால் ஸ்தாபனம் பொறுப்பல்ல என்று அதில் கண்டிருந்தது. திறக்கவே திறக்காத யந்திரத்திலிருந்து தகவல்களை முன்கூட்டிப் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. யோகசித்தி உள்ளவர்களுக்கு அது சாத்தியமாக இருக்கலாம்.

படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினீர்கள். என் மகள் கல்யாணத்துப் படங்கள் போயின; வருமான வரிக் கணக்கு போயிற்று. நீலத்திரை மட்டும் போகவில்லை. ஐயா, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஒரே ஒரு ஸ்க்ரூவையாவது திருகினீர்களா? ஒருவர் வீட்டுச் சொத்தை அழிப்பதற்கு முன்னால் அதை வேறொரு டிஸ்கில் நகலெடுக்க அரை மணி நேரம் செலவிட உங்களுக்கு என்ன கேடு? கையொப்பம் இருக்கிறது என்கிறீர்கள். கையொப்பம் போட்டவனுக்கு வேறு வழி இருந்ததா?

மன்னிக்க வேண்டும். முதுமையில் ரத்த அழுத்தம் சற்று ஏறி இறங்குகிறது. என் யந்திரத்தைப்போல நானும் ஒருமுறை அணைந்து எழுந்து, மரியாதை தவறாமல் தொடர்கிறேன்.

அடுத்த தரிசனத்தில் தங்கள் தீர்ப்பு பரிபூரணமாக மாறியிருந்தது. "போர்டு போயிருச்சு சார். மாத்த இருபத்தெட்டாயிரம் ஆகும். அதுக்குப் பேசாம புதுசே எடுத்துடலாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு." முந்திய சீட்டில் பழுதே இல்லை, பிந்திய சீட்டில் மதர்போர்டே இல்லை. ஒன்றுமில்லை என்பதற்கும் எல்லாம் போயிற்று என்பதற்கும் இடையில் பழுதுபார்ப்பது என்று ஒரு காரியம் இவ்வுலகில் உண்டு. அதன் பெயரைத்தான் தங்கள் வாசற்பலகையில் தீட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பணிவோடு ஞாபகப்படுத்துகிறேன்.

யந்திரத்தின் அடிப்புறத்து ஸ்க்ரூ ஒன்றின்மேல் 'பிரித்தால் உத்தரவாதம் செல்லாது' என்று ஒட்டுச்சீட்டு வேறு இருந்தது. உத்தரவாதமோ காலாவதியாகி வெகுநாளாயிற்று. காவல் மட்டும் பலமாக இருந்தது! அமெரிக்காவில் 1975ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் காட்டி, வேறிடத்தில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று மிரட்டலாகாது என அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. தங்கள் கவுன்டருக்கு இந்தச் சமாசாரங்கள் எட்டவில்லையென்றால் அதுவும் ஒருவகை ஏகாந்த நிஷ்டையே.

பிரதம சிஷ்யனைத் தூக்கிக்கொண்டு நான் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில், இரண்டு ஸ்டூல் போட இடமில்லாத கடை. அங்கிருந்த தம்பி என்னிடம் டோக்கனும் தரவில்லை, படிவமும் நீட்டவில்லை, "எப்பலேருந்து சார் இப்படி? சூடாகுதா? கீழ விழுந்துச்சா?" என்று கேட்டார். தங்களிடம் அத்தனை நேரம் நின்றும் என்னை யாரும் கேட்காத கேள்விகள் அவை. ஒட்டுச்சீட்டை நகத்தால் கிழித்தார். ஸ்க்ரூக்களைக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். பிளாஸ்டிக் பட்டையால் மூடியின் ஓரத்தை நெம்பித் திறந்து, முதல் காரியமாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். ராமின் இருபுறத்துக் கொக்கிகளையும் விலக்கியதும் அந்தச் சிறு பலகை சாய்வாக எழும்பி நின்றது. அதன் பொன்முலாம் பூசிய பற்களை என் கண்ணருகே கொண்டுவந்து, "கார்பன் ஏறியிருக்கு சார்" என்று காட்டினார். மங்கலாக, பழுப்பேறி இருந்தது. பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துகளைத் தட்டி, மீண்டும் சாய்வாக நுழைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். தங்கள் சந்நிதியில் அது திறந்ததற்கும் ஆட்டோவின் குலுக்கல்தான் காரணம், ராம் தற்செயலாகச் சரியாக உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய ஊகம். சுலபத்தில் விடாமல், அன்று சாயங்காலம் வரை மெமரி சோதனையை ஓடவிட்டுப் பார்த்துத்தான் யந்திரத்தைத் திருப்பித் தந்தார். கூலி 200 ரூபாய்.

அன்று முதல் அது ஒரே தடவையில் திறக்கிறது. தங்கள் உபதேசத்தை அடியோடு கைவிட்டுவிட்டது. குருத்துரோகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழுதே இல்லை என்று கண்டுபிடித்ததற்காக வாங்கிய 590 ரூபாயைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் இதைப் பதிவு செய்தாயிற்று. போன படங்களுக்கு விலை குறிப்பிட எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் ஒரு சீட்டில் அச்சடித்து அனுப்பலாம். இனி தங்களை நாடி வருவோருக்கு உபயோகப்படட்டும் என்று ஒரு சிறு காணிக்கையையும் இத்துடன் சமர்ப்பித்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் டோக்கன்தாரர்களில் ஒருவன்

இணைப்பு: பென்சில் ரப்பர், ஒன்று. விலை ரூ. 5. இதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கிவிட்டார்கள்.