சகலையின் நானூறு கிலோமீட்டர்

என் சகலை முப்பத்தைந்து வருஷ காலம் ஒரு வங்கியில் பிறருடைய பணத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, வந்த தொகையில் கணிசமான ஒரு பாகத்தை மின்சாரக் கார் செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டுவிட்டபடியால், அன்று முதல் அவருடைய பணத்தைக் காப்பாற்றும் பொறுப்பு உலகத்தார் அனைவருடையதும் ஆயிற்று. அந்தக் காரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவன் தேசபக்தன். சந்தேகம் கிளப்புகிறவன் பெட்ரோல்காரர்களிடம் கை நனைத்தவன். கம்பெனியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சகலைக்கும் எனக்கும் மாமனார் வீடு ஒன்றே. தீபாவளிக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கிறது.

பெசன்ட் நகர் கடற்கரையில் தினந்தோறும் காலையில் அவரோடு நடக்கும் சிநேகிதர்கள் இருவர். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்தவர் ஒருவர். ஜவுளிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவனை அங்கேயே இருந்து மேற்பார்வை பார்ப்பவர் இன்னொருவர். இவர்களும் அதே பங்கை வாங்கியவர்களாதலால், அந்த நடை பங்குதாரர் மகாநாடாகவே நடந்து வருகிறது. மனிதர்கள் நடக்கிற தூரம் அதில் சொற்பம். கார் ஓடப்போகிற தூரந்தான் அதிகம். திடநிலை பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவரும் வருஷம் 2027 அல்லது 2028 என்று டொயோட்டா 2023-இல் அறிவித்ததை ஜவுளிக்காரர் தம் பேரனுடைய ஜாதகத்தைப் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார். “அது எங்க இலாகாவுல அகவிலைப்படி பாக்கி மாதிரி. வரும். ஆனா வாங்கிக்க நாம இருக்கணும்” என்பார் என்ஜினீயர்.

இந்த மகாநாட்டின் சாந்திக்குப் பங்கம் விளைவித்தவன் சகலையின் தம்பி மகன். அவன் மோட்டார் பத்திரிகை ஒன்றில் எழுதுகிறவன். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் நானூறு கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி சொல்கிற அந்தக் காரை, திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்கு ஓட்டி, அங்கிருந்து திரும்பி, சார்ஜ் தீர்கிற மட்டும் ஓட்டிப் பார்த்து உள்ளதை எழுதப் போகிறான் என்ற சமாசாரம் எட்டியதும், மூவரும் உடன் செல்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. “நியாயம் நடக்குதான்னு பாக்க வேண்டாமா, சகலை?” என்று என்னையும் நடுநிலைச் சாட்சி என்ற ஹோதாவில் அழைத்தார்கள். என்னிடம் பங்கு இல்லை, வாங்குவதற்குப் பணமும் இல்லை. ஆகவே என் நடுநிலைமை கலப்பற்றது.

பங்குனி மாதத்து விடியற்காலையில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த புளியோதரைத் தூக்கைச் சகலை கையில் வாங்கி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, “ரெண்டு கிலோ இருக்கும். வேண்டாம், சகலை, பாரம்” என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து பேரில் மூவர் நல்ல தேகவசதி உள்ளவர்கள் என்பதை அந்தச் சமயத்தில் நான் எடுத்துச் சொல்லவில்லை.

நானூறு என்ற எண் எங்கே ஜனிக்கிறது என்பதைப் பையன் வழியில் விளக்கினான். காருக்குச் சான்று அளிக்கும் நிலையங்களில் பிரசித்தமானது புனேயில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘அராய்’ என்கிறார்கள். முதலெழுத்தைச் சிறிது நீட்டினால் ‘ஆராய்’ என்று சுத்தமான தமிழ் ஏவல்வினையாகவே ஆகிவிடுகிறது. நம் ஒரகடத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. அங்கே கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின்மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழல விட்டு, 1,180 விநாடி கொண்ட ஒரு சுற்றை, மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், திரும்பத் திரும்ப ஓட்டிக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே மாடு குறுக்கே வருவதில்லை. லாரிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பதில்லை. பின் ஆசனத்திலிருந்து மாமியார் ஏ.சி.யைக் கூட்டச் சொல்வதும் இல்லை. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வது போலத்தான் இதுவும் என்று எனக்குப் பட்டது. அவர் பொய் சொல்லவில்லை; பிடித்தம் போக எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிடித்தம் போகக் கைக்கு வருவதைச் சொல்லிவிடுகிற மாப்பிள்ளை வீட்டாரும் இல்லாமல் இல்லை. டாடா கம்பெனி 2024-இல் கர்வ் என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தபோது, பெரிய பேட்டரிக்குச் சான்றிதழ்ப்படி 585 கிலோமீட்டர் என்றும், தெருவில் இறங்கி ஓட்டுகிறவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குக் கிடைக்கக்கூடியது 400 முதல் 425 என்றும் இரண்டையும் தானே சொல்லிவிட்டது. அதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. அதே கம்பெனியின் நெக்ஸான் மின்சாரக் காருக்குச் சான்றிதழ்ப்படி 312 கிலோமீட்டர். தமக்கு ஒரு நாளும் இருநூறைத் தாண்டவில்லை என்று ஒருவர் முறையிட, டெல்லி அரசாங்கம் 2021 மார்ச்சில் அந்தக் காருக்குரிய மானியத்தை நிறுத்தி வைத்தது. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது.

“பாத்தியா, கோர்ட்டே சொல்லிடுச்சு!” என்றார் சகலை.

“கோர்ட்டு உத்தரவுக்குத் தடைதான் போட்டுச்சு, பெரியப்பா. பேட்டரிக்குச் சார்ஜ் போடல” என்றான் பையன்.

மாமல்லபுரத்தை நெருங்குகையில் சம்பாஷணை அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 2013 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜான் பிராடர் என்ற நிருபர், டெஸ்லா கம்பெனியின் மாடல் எஸ் காரைக் கடுங்குளிரில் ஒரு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார். அதுவும் அவர்கள் நாட்டுக் கிழக்குக் கரைச் சாலைதான். வழியிலேயே சார்ஜ் தீர்ந்து, காரை லாரியின்மேல் ஏற்றிக்கொண்டு போகும்படி நேர்ந்தது என்று பிப்ரவரியில் அவர் எழுதினார். கம்பெனியின் அதிபர் ஈலான் மஸ்க் அது புரட்டு என்று வெகுண்டு, காருக்குள்ளேயே இருந்த பதிவை எடுத்து ஊரறிய வெளியிட்டார். பேட்டரியைத் தீர்ப்பதற்கென்றே ஒரு வாகன நிறுத்துமிடத்தை நிருபர் சுற்றிச் சுற்றி வந்தார் என்பது குற்றச்சாட்டு. இருட்டில் சார்ஜ் போடும் இடத்தைத் தேடினேன் என்பது சமாதானம். வாசகர் தரப்பில் விசாரிக்க அப்பத்திரிகையே நியமித்திருந்த மார்கரெட் சலிவன், நிருபரிடம் துர்நோக்கம் இல்லை, குறிப்பெடுத்ததில்தான் துல்லியம் போதவில்லை என்கிற பாவனையில் தீர்ப்புச் சொன்னார். அந்த ஒரு கட்டுரையால் கம்பெனியின் சந்தை மதிப்பில் பத்துக் கோடி டாலர் கரைந்தது என்றார் மஸ்க். அதற்கு முன்பே, 2008-இல் தன்னுடைய ரோட்ஸ்டர் காரைக் கேலி செய்து ஒளிபரப்பிய டாப் கியர் என்ற பிரிட்டிஷ் நிகழ்ச்சியின்மேல் டெஸ்லா 2011-இல் வழக்குத் தொடர்ந்திருந்தது; 2013-இல் அதன் மேல்முறையீட்டிலும் தோற்றது.

பத்துக் கோடி டாலர் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து சகலை மௌனமாக இருந்தார். விரல்களை மடக்கியும் நீட்டியும் ஏதோ கணித்துக்கொண்டிருந்தார். கல்பாக்கத்து அணுமின் நிலையத்தைக் கடக்கும்போது, 1984 முதல் அங்கே மின்சாரம் பிறக்கிறது என்று என்ஜினீயர் கையை நீட்டிக் காட்டினார். அது பிறக்கிற இடத்தின் வாசலிலேயே எங்கள் காரில் அது குறைந்துகொண்டிருந்தது. ஏ.சி.யை அணைக்கும்படி சகலை கேட்டதும், பையன் மறுத்ததும், “ஜன்னலத் தொறந்தா காத்து எதிர்ப்பு ஜாஸ்தி, மூடிட்டு ஏ.சி. இல்லாம உக்காரலாம்” என்று என்ஜினீயர் மத்தியஸ்தம் செய்ததும், நான் சாட்சி என்ற முறையில் வெந்துபோனதும் விவரமாகச் சொல்லத்தக்கவை அல்ல. புதுச்சேரியில் சாப்பிட்டோம்.

திரும்புகையில் மரக்காணத்தில் டீ குடிக்க இறங்கினபோது ஓடியிருந்த தூரம் 180. மீதம் இருந்த சார்ஜ் நூற்றுக்கு முப்பத்தேழு. கணக்கு எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர்களைப் போலச் சாலை ஓரத்தில் நின்று உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மரக்காணத்து உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது. வடகிழக்குப் பருவமழை வந்து கரைத்துவிடுவதற்குள் வருஷத்துப் பிழைப்பை முடித்துக்கொள்ள வேண்டிய ஜனங்கள் அங்கே வேலை செய்கிறார்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பெத்தகஞ்சாம் பக்கமிருந்து ஆந்திரக் கரை நெடுக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற இடமும் இதுவே; ஒரு காலத்தில் உப்பு அதன் வழியே படகேறிப் பட்டணம் போயிற்று. அதற்கும் முந்தி உப்பைச் சுமந்தவர்கள் உமணர்கள். வண்டி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலைக்கு இன்று ஆங்கிலத்தில் நாகரிகமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கவலை உமணர்களுக்கும் இருந்தது. மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ என்று அவர்கள் வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக எடுத்து ஆண்டிருக்கிறார். சேம அச்சு என்பது அதன் பெயர். எத்தனை காதம் ஓடும் என்று அந்த வண்டிக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததாகத் தெரியவில்லை. கொடுத்திருந்தாலும் உமணன் அச்சை அவிழ்த்திருக்க மாட்டான்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஜவுளிக்காரருக்கு உப்புக் குவியலைப் பார்த்து ஞானோதயம் ஆகிவிட்டது. “லிதியம் என்னங்க லிதியம்? இனிமே சோடியம். இதோ கொட்டிக் கெடக்குது!” என்றார். விஷயம் முற்றிலும் ஆகாசக் கோட்டை அல்ல. சீனத்து சி.ஏ.டி.எல். கம்பெனி 2021 ஜூலையில் சோடியம் அயனி பேட்டரியை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் கிலோவுக்கு 175 வாட்-மணி கொள்ளும் அடுத்த வகையை அறிவித்தது. நம் ரிலையன்ஸ் கம்பெனியும் ஃபாரடியான் என்ற பிரிட்டிஷ் சோடியம் பேட்டரிக் கம்பெனியை விலைக்கு வாங்கிப் போட்டிருக்கிறது. உப்பை அப்படியே பேட்டரிக்குள் கொட்டுவதில்லை என்று பையன் விளக்கினான். உப்பிலிருந்து சோடா உப்பு செய்ய வேண்டும். தூத்துக்குடியில் அதற்குத் தொழிற்சாலையே இருக்கிறது. சோடா உப்பிலிருந்துதான் பேட்டரிக்கு வேண்டிய சரக்கு பிறக்கும். சோடியம் அணு லிதியத்தைவிடப் பெரியது, கனமானது, ஆகையால் அதே எடைக்குக் கொள்ளுகிற மின்சாரம் குறைவு, ஆனால் மலிவு. இவ்வளவையும் கேட்ட பிற்பாடு மூன்று பங்குதாரர்கள் மனத்திலும் தங்கியது ‘மலிவு’ என்ற கடைசி வார்த்தை ஒன்றே.

பாத்தியிலிருந்து ஒரு பெரியவர் வரப்பேறி வந்தார். முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கரண்டு வண்டிதான சார்? எம்மாந் தூரம் ஓடும்?” என்றார்.

“நானூறு” என்றார் சகலை.

“இருநூத்தி எண்பது சொச்சம்” என்றான் பையன்.

“அது வேகத்தைப் பொறுத்தது” என்றார் என்ஜினீயர்.

“2028-ல ஆயிரம்” என்றார் ஜவுளிக்காரர்.

பெரியவர் நால்வரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “அனுமந்தைக்குப் போயிட்டு வந்துருமா?” என்று கேட்டார். அனுமந்தை அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். போய்வரும் என்பதில் கருத்து வேற்றுமை எழவில்லை. அன்று முழுவதிலும் சபை ஒருமனப்பட்ட சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

அவர் ஒரு குவளையில் பாத்தித் தண்ணீரை மொண்டு, அதில் உப்பின் அடர்த்தியைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டார். கடல் தண்ணீர் மூன்று டிகிரி சுமாருக்கு வரும். வெயிலில் வற்றி வற்றி இருபத்தைந்தானால் உப்பு இறங்கும். முப்பதை எட்ட விட்டால் கசப்பு சேரும் என்றார். குழாய் இருபத்திரண்டில் நின்றது.

“மொதலாளி எவ்வளவு சொல்றாரு?” என்று சகலை பழக்க தோஷத்தால் கேட்டார்.

“மொதலாளி சொன்னா உப்பு எறங்குமா சார்?”

சகலை குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழாயை உற்றுப் பார்த்து, “இப்படிப் பார்த்தா இருபத்தி மூணு மாதிரி தெரியுது” என்றார்.

அதற்குமேல் நடந்ததை நான் சாட்சியாக இருந்து பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். உப்பு என்ன விலை என்று சகலை விசாரித்தார். சென்னை விலையை நினைத்து மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊறுகாய்க்குக் கல்லுப்புக்கு நிகர் கிடையாது என்று ஜவுளிக்காரர் பொதுவாக ஓர் அபிப்பிராயத்தை வெளியிட்டார். கால் மணி நேரத்தில் ஐம்பது கிலோ மூட்டைகள் மூன்று காரின் பின்புறத்தில் ஏறின. அதில் ஒன்று, எனக்கும் சகலைக்கும் பாதிப் பாதி. “இரண்டு கிலோ புளியோதரைக்கு இடமில்லையே, சகலை” என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“அது புளியோதரை. இது சோடியம்” என்றார்.

அக்கரை என்ற இடத்தில், சென்னை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, சார்ஜ் நூற்றுக்கு ஒன்று என்று காட்ட, பையன் காரை ஓரம் கட்டினான். ஓடிய தூரம் 281 கிலோமீட்டர். நூற்றைம்பது கிலோ உப்பைச் சுமந்ததற்காக நாற்பது கிலோமீட்டர் கூட்டிப் போட வேண்டும் என்று சகலை வாதித்தார். அந்தப் பாரத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் பெறாது என்றான் பையன். உப்பை ஏற்றிய பாவம் யாருடையது என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. பத்திரிகையில் 281 என்றே வந்தது. சகலை ஆசிரியருக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினார். அதில் உப்பு மூட்டைகள் ‘எதிர்பாராத சுமை’ என்று வர்ணிக்கப்பட்டிருந்தன.

எங்கள் பங்கு மூட்டை மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அது கசிந்து கூடத்துக்கு ஓடி வரத் தொடங்கியது. என்ன செய்யலாம் என்று சகலையைத் தொலைபேசியில் கேட்டேன்.

“அவசரப்பட்டு வித்துடாதீங்க, சகலை. வச்சிருங்க” என்றார்.