தொப்பையிலிருந்து தலைக்கு

வழுக்கைக்குப் பழைய வைத்தியம் பார்ப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மினாக்சிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலும் முடி முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. ஃபினாஸ்டிரைடு புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்து, 1997இல் தலைக்கு ஏறியது. இரண்டுக்கும் ஆய்வு உண்டு, பக்கவிளைவுப் பட்டியல் உண்டு, சில நூறு ரூபாய்க்குக் கடையிலேயே கிடைக்கும். இவ்வளவு வெளிப்படையான ஒன்றை எப்படி நம்புவது?

ஸ்டெம் செல் அப்படியல்ல. தொப்பையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, செல்களைப் பிரித்து, உச்சந்தலையில் ஊசியாக ஏற்றுகிறார்கள். இருபது வருஷம் பரோட்டா தின்று சேர்த்தது வீண்போகவில்லை! முடி வளர்க்க இதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லையாம். என் தாத்தாவின் வழுக்கை மட்டும் யாரிடம் அனுமதி கேட்டு வந்தது?

நானும் ஒரு கிளினிக்கில் விசாரிக்கப் போனேன். “உங்க தலை நல்ல நிலம் சார்” என்றார் ஆலோசகர். தரிசு என்று சொல்லாத அந்த நாகரிகத்துக்கே லட்சம் கொடுக்கலாம். தவணை வசதியும் உண்டு. முடி நின்றாலும் நிற்காவிட்டாலும் தவணை நிற்காது.

கையெழுத்துப் போடும்முன் சீட்டின் அடியைப் பார்த்தேன். ‘சிகிச்சைக்குப் பின்: மினாக்சிடில், காலை, இரவு, ஒரு வருஷம்.’

“முடி முளைச்சா?”

“ஸ்டெம் செல் வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்.”

“முளைக்கலைன்னா?”

“நீங்க மினாக்சிடிலை ஒழுங்காத் தடவலைன்னு அர்த்தம்.”