வீடு கட்டும் ஒப்பந்தங்களில் போன் எடுத்தல் மரபு: ஓர் ஆய்வு

வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் இடையே எழுதப்படும் கட்டட ஒப்பந்தம் முத்திரைத்தாளில் தொடங்கி, வெள்ளைத்தாளில் தொடர்ந்து, கடைசிப் பக்கத்தின் பின்புறம் பேனாக் கணக்காக முடிவது. சதுர அடிக்கு என்ன விலை, கம்பி எந்தக் கம்பெனி, எம்-சாண்டா ஆற்றுமணலா, லிண்டல் மட்டத்தில் எவ்வளவு பணம், தளம் போட்டதும் எவ்வளவு என்பனவெல்லாம் அதில் ஐயந்திரிபற எழுதப்பட்டிருக்கும். கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டுமா என்பது குறித்து மட்டும் ஒரு வரியும் இராது. இந்த ஒரு வரி இல்லாமையே இவ்வாய்வின் பொருள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. வாயால் பேசிக்கொண்டதும் ஒப்பந்தமே என்பது அதன் பொதுவான நிலை. இரு தரப்பும் ஒரே விஷயத்துக்கு ஒரே கருத்தில் இசைந்திருக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ‘தை மாசம் கிரகப்பிரவேசம் வச்சுக்கலாம் சார்’ என்ற உறுதிமொழியில் மாதம் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த ஆண்டின் தை என்பதில்தான் உண்டு. காலம் குறிக்காத வேலையை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. எது நியாயமான காலம் என்பதை அந்தந்த வழக்கின் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லி அது ஒதுங்கிக்கொள்கிறது. சட்டம் எழுதியவர்கள் வீடு கட்டிப் பார்த்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்பர் ஒரு சாரார். கட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லையே பயன்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பர் மறு சாரார். இரு சாராரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள்.

தகவல் தொடர்பு நான்கு வகைப்படும்: கடிதம், ஆள் அனுப்புதல், மிஸ்டு கால், போன். கடிதம் வழக்கொழிந்தது. அனுப்பிய ஆள் திரும்பி வருவதில்லை. மிஸ்டு கால் என்பது எதிராளி எடுத்துவிடக் கூடாதே என்ற கவலையோடு கொடுக்கப்படுவது. எதிராளி அந்தக் கவலைக்கு இடம் வைப்பதில்லை. எஞ்சியது போன்.

போனில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பற்றி உச்ச நீதிமன்றம் 1965-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அகமதாபாத்துக்கும் காம்காவுக்கும் இடையே பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்குப் போனில் பேசிய பேரம் அது. ஒப்பந்தம் எந்த ஊரில் உண்டானது, எந்த ஊர் நீதிமன்றம் விசாரிப்பது என்பது கேள்வி. சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் என்றது தீர்ப்பு. நீதிபதி ஹிதாயத்துல்லா மட்டும் மாறுபட்டார். தீர்ப்பும் மாறுபட்ட தீர்ப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: மறுமுனையில் ஒருவர் போனை எடுத்தார். இந்த அடிப்படையே நம் துறையில் இல்லை என்பதால் அத்தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த இயலாது.

போன் எடுக்கப்படும் நாட்கள் சில உண்டு. அட்வான்ஸ் வாங்கும் முன்பு முதல் மணியிலேயே எடுக்கப்படும். வாங்கிய மறுநாள் முதல் காலர் ட்யூன்தான். அதில் ஒலிக்கும் பக்திப் பாடலின் முதல் சில அடிகள் வீட்டுக்காரருக்கு மனப்பாடமாகிவிடும். பாடினால் என்ன பலன் என்று சொல்லும் இடத்துக்கு எவரும் போய்ச் சேர்ந்ததில்லை. தளம் போடுவதற்கு முந்தைய வாரம் மீண்டும் போன் எடுக்கப்படும். கான்கிரீட் போட்ட மாலை, மிஷின் கழுவப்பட்டு, பணம் எண்ணப்பட்டதும் காலர் ட்யூன் திரும்பும். கொடுத்த பணமும் எடுத்த போனும் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்ற விதி இதிலிருந்து பெறப்படும். இதை வைத்து ஒரு முனைவர் பட்டம் தாராளமாக வாங்கலாம். இதைவிட மெலிந்த கருதுகோள்கள் ஐந்து இயல்களும் பின்னிணைப்பும் கண்டிருக்கின்றன.

எடுத்தால் வரும் விடை ஒன்றுதான்: ‘சைட்லதான் சார் இருக்கேன்.’ இதைக் கேட்கும் வீட்டுக்காரர் அப்போது சைட்டில் நிற்கிறார். சாரப் பலகை சாய்ந்து கிடக்கிறது, கலவைச் சட்டியில் நேற்றைய கலவை இறுகிக் கிடக்கிறது, தொட்டித் தண்ணீரில் நாய் வாய் வைத்துக்கொண்டிருக்கிறது, மேஸ்திரியைக் காணோம். இந்த முரண் ஆய்வுலகை மூன்றாகப் பிளந்துள்ளது. மேஸ்திரிக்குச் சைட்டுகள் பல, அவர் ஏதோ ஒன்றில் இருப்பது உறுதி, எனவே கூற்று மெய் என்பர் பன்மைவாதிகள். சைட்டுகள் வேறுவேறாகத் தோன்றுவது வீட்டுக்காரரின் அறியாமை, உள்ளது ஒரே சைட், அதில் மேஸ்திரி எங்கும் நிறைந்துள்ளார் என்பர் அத்வைதிகள். இவர்களை மறுப்பதற்கென்றே எழுந்த மூன்றாம் தரப்பார், போனில் பின்னணியாகக் கேட்ட கரண்டிச் சத்தம் கொத்துக் கரண்டியினுடையதன்று, பரோட்டாக் கல்லினுடையது என நிறுவினர். அதற்கு அத்வைதிகள் தந்த மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, பரோட்டாக் கல்லின் காலம் பற்றிய துணை விவாதம் ஆகியவை தொகுக்கப்பட்டால் அத்தொகுதி வீட்டின் அஸ்திவாரத்துக்கே போதும். பிணக்கைத் தீர்க்க 1965 தீர்ப்பு ஓரளவு உதவும். சொல் எங்கே காதில் விழுந்தது என்பதே கணக்கு என்றால், ‘சைட்லதான் இருக்கேன்’ என்ற சொல் விழுந்தது சைட்டில்தான். சொல் வந்துவிட்டது, ஆள் மட்டும் வரவில்லை.

அடுத்தது கூட்டுப்பணி. கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆசாரி ஆகியோர் ஒரே வீட்டில் வேலை செய்பவர்கள், ஒருவரையொருவர் கண்டதில்லை. சுவரில் காடி எடுத்துப் பைப் பதித்த பிறகே பூச்சு என்பது முறை. பூச்சு காய்ந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து காடி எடுப்பது நடைமுறை. கேட்டால், கொத்தனார் தம்மிடம் சொல்லவில்லை என்பார் எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியன் வருவார் என்று தமக்கு எவரும் சொல்லவில்லை என்பார் கொத்தனார். ஒருவர் நூலை ஒருவர் படியாமலே மதிப்புரை எழுதும் பேராசிரியர்களிடமும் இதே உறவுமுறை காணப்படும்.

வீட்டுக்காரரின் பங்கு தண்ணீர் விடுதல். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456:2000 தரநிலை, வெயிலும் வறட்சியும் மிகுந்தால் 10 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு, ‘தண்ணி மட்டும் நல்லா விடுங்க சார்’ என்று சொல்லி மேஸ்திரி விடைபெறுவார். அவர் தாமாக முன்வந்து தரும் தகவல் இது ஒன்றே. பின்னாளில் எங்கு விரிசல் விட்டாலும், சமையலறைச் சுவரானாலும் காம்பவுண்டு கேட்டானாலும், அன்று தண்ணீர் போதவில்லை என்பதே காரணம்.

கடைசித் தவணையின்போது போன் திசை மாறும். மேஸ்திரி கூப்பிடுவார், வீட்டுக்காரர் எடுக்கமாட்டார். எடுத்தால் வெளியூரில் இருப்பார். செய்த வேலைக்கான கூலிக்குப் பணம் தரும் தேதி குறிக்காதிருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். வேலை முடிந்த நாள் எது என்பதில் தரப்புகள் உடன்படுவதில்லை. கிரகப்பிரவேசத்தன்றே முடிந்தது என்பார் மேஸ்திரி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு பாக்கி, அதற்கு ‘நாளைக்கு ஆள் அனுப்புறேன்’ என்று சொன்னார், ஆள் இன்னும் வரவில்லை என்பார் வீட்டுக்காரர்.