கூரை வழியே போன கோடிகள்

ஓடும் ரயிலின் கூரையில் ஓட்டை போட முடியுமா? (வாசகர், சித்தூர்)

மேலே மின்கம்பி இல்லாவிட்டால் முடியும். 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் இருந்தன. சின்னசேலம் – விருத்தாசலம் பாதை அப்போது மின்மயமாகவில்லை, டீசல் என்ஜின்தான். கூரையை அறுத்து 5.78 கோடியை அள்ளியது மத்தியப் பிரதேசக் கும்பல் என்று சிபிசிஐடி கண்டறிந்து கைது செய்தது 2018இல்தான்.

அப்புறம் ராஜவாழ்க்கைதானே? (வாசகர், திருப்பதி)

மூன்றே மாதம். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. செலவழிக்காமல் வைத்திருந்த பங்கு கையிலேயே வெறும் காகிதமானது.

இருந்தாலும் ஜனங்களுக்குக் கொள்ளையர்கள்தானே ஹீரோ? (வாசகி, சித்தூர்)

1963இல் இதே ஆகஸ்ட் 8, இங்கிலாந்தில் தபால் ரயிலை மறித்து 26 லட்சம் பவுண்டைக் கொள்ளையடித்தார்கள். அந்தக் கும்பலின் ரோனி பிக்ஸை உலகமே அறியும். அன்று மண்டையில் அடிவாங்கிய ரயில் ஓட்டுநர் யார்? ஜாக் மில்ஸ். பழையபடி தேறாமலே 1970இல் இறந்தார். நினைவில் வைக்கவேண்டிய பெயர் அவருடையதுதான்.