செங்கம் சாலையில் வெளிநாட்டுப் படிப்பு

பெறுநர்: பல்கலைக்கழக மானியக் குழுவினர், புதுதில்லி.

பொருள்: இளங்கலை மாணவர்களுக்குக் கள ஆய்வையும் அயல்நாட்டுப் படிப்பையும் உள்ளூரிலேயே வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

தாங்கள் 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளங்கலைப் படிப்புக்கான கட்டமைப்பைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் சிலர் படித்து நெகிழ்ந்துபோனார்கள். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடாவது எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆசிரியரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்யலாமாம். 74 எடுத்த பிள்ளைக்குத் தன் ஊரில் எதுவும் கண்ணில் படாது என்பதைத் தில்லியில் இருந்தபடியே கண்டுபிடிப்பது சாதாரணக் காரியமல்ல. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பட்டமே மூன்றாண்டுதான் என்பதால், இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையும் மிச்சம்.

ஆனால் விதிகளை மீறிய ஒருவர்மீது தங்களிடம் புகார் செய்தாக வேண்டியிருக்கிறது. பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். வந்ததும் வராததுமாக மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கே நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒப்பந்தம் இல்லை, கிரெடிட் இல்லை. அப்படி வந்த கட்டுரைகள் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்று ஆங்கிலத்தில் நூலாயின.

அதில் ஓர் ஊர் தூசி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது; அன்று வடஆர்க்காடு, இன்று திருவண்ணாமலை மாவட்டம். பையன்கள் விடுமுறையில் எழுதியதை நம்பி, 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் உடனிருந்தோரும் தூசிக்குப் போனார்கள். நூறாண்டு கடந்தும் பொருளாதார அறிஞர்கள் மேற்கோள் காட்டும் வேலைக்கு, கல்லூரி மாணவர்கள் அல்லவா பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்கள்! இந்த முறைகேட்டைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

ஸ்லேட்டருக்குப் பின் நிலைமை சீரடைந்தது. ஆய்வு செய்கிறவர்கள் வெளியிலிருந்து வரத் தொடங்கினார்கள். 1973–74இல் கேம்பிரிட்ஜ் குழு பசுமைப் புரட்சியை அளக்க இந்த வட்டாரத்து நெல் வயல்களுக்கு வந்தது. அதே காலத்தில் ஆரணிக்கு வந்த பார்பரா ஹாரிஸ்-வைட், அந்த ஊரின் அரிசி ஆலைகளையும் பட்டு வியாபாரத்தையும் நாற்பதாண்டுகளுக்கு விடாமல் பின்தொடர்ந்தார். அண்ணாமலையார் கோயிலையும் அதைச் சுற்றிய நகரையும் பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தொகுதி தொகுதியாக எழுதினார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில். மதுரையில் ‘சீட்டா’ என்ற திட்டத்தில் அமெரிக்க இளங்கலை மாணவர்கள் உள்ளூர் வீடுகளில் தங்கித் தமிழ் படித்தார்கள், சொந்தமாகக் கள ஆய்வு செய்தார்கள். அவர்கள் வந்ததில் இங்கே யாருக்கும் வருத்தமில்லை. எழுதியதெல்லாம் உருப்படியான வேலை.

இதற்கிடையே உள்ளூர் மாணவர் என்ன செய்கிறார்? ஐ.வி. என்ற தொழிற்சாலைச் சுற்றுலா போகிறார். அதிகாலையில் பஸ், மதியம் ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் குரூப் போட்டோ, மாலையில் கடற்கரை. மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட். சீனியரின் ப்ராஜெக்ட் ஜெராக்ஸ் கடையின் கணினியிலேயே பத்திரமாக இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் மாற்றி ஸ்பைரல் போட்டால் வைவாவுக்குத் தயார். என்.எஸ்.எஸ். முகாமில் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கும் வாய்ப்பும் உண்டு. அங்கே ஊராரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கோயில் வளாகத்தைக் கூட்டிவிட்டு வரலாம். கல்லூரியின் தரமதிப்பீட்டுக்குத் தேவைப்படும் ஜியோடேக் புகைப்படம் மட்டும் தவறக் கூடாது.

அயல்நாட்டுப் படிப்புக்கு வருவோம். 2024இல் மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் 25 மாணவர்கள் ஒரு வாரம் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தார்கள். நல்ல காரியம். இந்த ஊர்க் கணக்கில் நாலு ஷேர் ஆட்டோ. மற்றவர்களுக்காகத் தாங்கள் 2022இல் இரட்டைப் பட்ட விதிகளைத் தந்தீர்கள். இங்குள்ள கல்லூரிக்குத் தரமதிப்பீட்டில் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூற்றுக்குள் இடம் வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் உலகின் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். இதைவிட மலிவாக மாவட்டத்தாரிடம் ஒரு யோசனை இருக்கிறது. குளிர்காலத்தில் செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் போய் நின்றால் ஜெர்மனி, ரஷ்யா, இத்தாலி எல்லாம் செருப்பில்லாமல் நடந்து வருகின்றன. மாணவரை அங்கே ஒரு பருவம் நிறுத்தி, அயல்நாட்டில் பயின்றதாகச் சான்றிதழ் தரலாம். எதிரே வருபவர் முதல் ஆயிரத்துக்குள் வருகிறாரா என்பதைச் சரிபார்க்க மட்டும் ஒரு குழு போதும்.

கள ஆய்வுக்கு ஊரில் பஞ்சமில்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தள்ளுவண்டி போடுகிறவர் சரக்குக்கு யாரிடம் கடன் வாங்குகிறார், என்ன வட்டி? அன்றைக்கு மட்டும் லாட்ஜ் வாடகை ஏன் ஏறுகிறது? அன்னதானத் தட்டுகளை விடியலில் அள்ளுகிறவருக்குக் கூலி என்ன? செங்கம் பக்கத்து நடுகற்களைத் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. அவற்றில் எவையெல்லாம் இன்றும் நின்ற இடத்தில் நிற்கின்றன? ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவர்கள் குறைந்தார்களா? ஆசிரியர் ஒருவர், பத்து மாணவர், ஒரு நோட்டு, டவுன் பஸ் கட்டணம் இருந்தால் நாளையே தொடங்கலாம். பேராசிரியருக்கு இரண்டு வாரம் தேர்வுப் பணியும் தரமதிப்பீட்டுக் கோப்புப் பணியும் இல்லாமல் ஓ.டி. தர வேண்டும். கஷ்டமான நிபந்தனை அது ஒன்றுதான்.

பதில் கார்த்திகை தீபத்துக்கு முன்பே வந்தால் நல்லது. அந்த நாட்களில் ஊருக்குள் பஸ் வராது.

இப்படிக்கு,
திருவண்ணாமலை மாவட்டத்தார்

நகல்: தூசி ஊராட்சிக்கு. அடுத்த முறை நோட்டும் பேனாவுமாக யாராவது வந்தால், எந்த ஊர்ப் பிள்ளை என்று முதலில் விசாரித்துவிட்டு மோர் கொடுக்கவும்.